ஆயிரத்தில் ஒரு நொடி

வடசென்னையின் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் கேரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெயர்கள் வரிசையாக வந்து விழும். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரத்தில் உலக சாம்பியன் ஆனார். செரியன் நகர் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற சென்னைக்காரர் மரிய இருதயம். ‘வட சென்னை’ படத்தில் தனுஷ் ஆடுவதும் கேரம்தான். இத்தனை இருந்தும், இந்த ஆட்டத்தின் நல்ல படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கோப்பையோடு நிற்கும் படம் கிடைக்கும். போர்டுக்கு முன் குனிந்து குறி பார்க்கும் படம் கிடைக்கும். விரலை விட்டுக் கிளம்பிய ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் இருக்கும் படம் லேசில் கிடைக்காது.

கிரிக்கெட்டில் 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தின் தையல்கூடத் தெரியும்படி படம் எடுக்கிறார்கள். ஃபார்முலா 1 காரை எடுக்கிறார்கள். பலகையில் ஓடும் 15 கிராம் வில்லையை எடுப்பதில் என்ன கஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

கேரம் போர்டின் ஆடுபரப்பு ஒரு பக்கத்துக்கு 74 செ.மீ. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000 புள்ளி. போர்டு முழுக்கப் படத்தில் வர வேண்டுமானால் அந்த 74 செ.மீ. 4,000 புள்ளிக்குள் அடங்க வேண்டும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் ஐந்தரைப் புள்ளி. ஓங்கிச் சுண்டிய ஸ்ட்ரைக்கருக்கு நொடிக்கு 5 மீட்டர் வேகம் வைப்போம். அது மணிக்கு 18 கிலோமீட்டர். தெருவில் சைக்கிளை வேகமாக மிதிக்கும் பையனின் வேகம்தான். ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், அதற்குள் ஸ்ட்ரைக்கர் 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். படத்தில் அது 27 புள்ளி நீளத் தீற்றல்.

இப்போது அதே கேமராவைக் கால்பந்துத் திடலுக்குக் கொண்டுபோங்கள். எட்டி உதைத்த பந்து நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். படத்தின் அகலத்துக்குள் திடலின் 20 மீட்டர் தெரிகிறது என்றால் ஒரு மீட்டருக்கு 300 புள்ளி. அதே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பந்து 2 செ.மீ. நகரும். படத்தில் 6 புள்ளி.

நான்கு மடங்கு மெதுவாக ஓடும் ஸ்ட்ரைக்கர் கேமராவின் கண்ணுக்கு நாலரை மடங்கு வேகமாக ஓடுகிறது! கேமராவுக்குக் கிலோமீட்டர் தெரியாது. தன் சென்சாரின் மேல் விழும் பிம்பம் எத்தனை புள்ளியைத் தாண்டியது என்பது ஒன்றுதான் அதன் வேகமானி. கிட்டே போகப் போக, பெரிதாக்கப் பெரிதாக்க, எதுவும் வேகமாகிவிடும். வானத்தில் 800 கிலோமீட்டரில் போகும் விமானத்தைச் சாதாரண செல்போனிலேயே தெளிவாக எடுத்துவிடுகிறோம். மூக்குக்கு எதிரே பறக்கும் கொசுவை எடுக்க முடிவதில்லை.

திசையும் இந்தக் கணக்கில் உண்டு. கேமராவுக்குக் குறுக்கே போகும் பொருளின் முழு வேகமும் சென்சாரில் பதிகிறது. 45 டிகிரிச் சாய்வில் போனால் சுமார் 70 சதவீதம். நேராக நம்மை நோக்கி வந்தால் பக்கவாட்டு நகர்வே இல்லை. உருவம் கொஞ்சம் பெரிதாவதோடு சரி. கால்பந்துப் போட்டியில் பத்திரிகைப் படக்காரர்கள் கோல் போஸ்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பதற்கு முகம் தெரிவது ஒரு காரணம், ஓடி வருபவர் கலங்காமல் பதிவது இன்னொரு காரணம். கேரத்திலும் அப்படித்தான். ஆடுபவருக்கு நேர் எதிரில், போர்டின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கேமராவை வைத்தால் ஸ்ட்ரைக்கர் நம்மை நோக்கி வரும். தீற்றல் பாதிக்கு மேல் குறையும். தலைக்கு மேலிருந்து எடுத்தால் முழுசாக மாட்டிக்கொள்வோம்.

சரி, ஷட்டரை இன்னும் சுருக்கிவிட்டால்? நாலாயிரத்தில் ஒரு பங்கு, எட்டாயிரத்தில் ஒரு பங்கு என்றெல்லாம் கேமராவில் இருக்கிறதே. இருக்கிறது. அந்த நேரத்துக்குள் போதுமான வெளிச்சம் உள்ளே வர வேண்டும். வடசென்னையின் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; நண்பகல் வெயில் தரையில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஃபிலிம் காலத்திலிருந்தே படக்காரர்களிடம் ஒரு சூத்திரம் உண்டு: நல்ல வெயிலில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 16-ல் வைத்தால் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) எண் எதுவோ அதுவே ஷட்டர் எண். ஐ.எஸ்.ஓ. 400 என்றால் நானூறில் ஒரு பங்கு நொடி. அப்பர்ச்சரை எஃப் 4-க்குத் திறந்தால் பதினாறு மடங்கு வெளிச்சம் வரும். ஷட்டரை 6,400-ல் ஒரு பங்குக்கு இறக்கலாம். சென்னை வெயிலைத் திட்டாதவர் கிடையாது, ஆனால் வேகப் படம் எடுப்பவனுக்கு அதைவிடப் பெரிய நன்கொடையாளர் யாரும் இல்லை. (மே மாதம் டெலி லென்ஸ் போட்டுத் திடலின் மறுகோடியை எடுத்தால் கானல் நெளிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். அது வேறு கதை.)

ஆனால் இங்கே யார் நண்பகலில் ஆடுகிறார்கள்? வேலை முடிந்து, டியூஷன் முடிந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் திடல் நிறையும். சாதாரணத் திடலின் விளக்குக் கம்பங்கள் 200 லக்ஸ் தந்தால் அதுவே நல்ல திடல். வெயிலோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்கு. கேரம் மன்றத்தில் போர்டுக்கு மேலே கூடு மாட்டித் தொங்கும் ஒற்றை பல்பு சில நூறு லக்ஸ் தரும். 400 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், எஃப் 2.8 லென்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு ஐ.எஸ்.ஓ. 5,000 வேண்டும். பந்தைப் போல 6 புள்ளிக்குள் ஸ்ட்ரைக்கரை நிறுத்த 4,500-ல் ஒரு பங்கு வேண்டுமே, அதற்கு ஐ.எஸ்.ஓ. 20,000-ஐத் தாண்ட வேண்டும். செல்போனைத் தானியங்கி முறையில் விட்டால் அது பயந்துபோய் அறுபதில் ஒரு பங்கு நொடியைத் தேர்ந்தெடுக்கும். அதற்குள் ஸ்ட்ரைக்கர் 8 செ.மீ.க்கு மேல் போய்விடும், தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. படத்தில் ஸ்ட்ரைக்கரே இருக்காது. போர்டின் மேல் ஒரு வெளிறிய கோடு கிடக்கும்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் ஏன் படம் மணல் தூவியது போல் ஆகிறது? பலரும் கேமராவைக் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் ஒளியின் மேல்தான். ஒளி என்பது ஃபோட்டான்களாக, தனித்தனித் துளிகளாக வருகிறது. முற்றத்தில் ஒரே அளவுப் பாத்திரங்களை வரிசையாக வைத்து மழையில் விட்டால், அடைமழையில் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் நிற்கும். நாலு தூறலோடு மழை ஓய்ந்தால் ஒன்றில் ஐந்து சொட்டு, பக்கத்ததில் இரண்டு. சென்சாரின் புள்ளிகளும் அப்படித்தான். ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100; ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்து சதவீதம், அப்பட்டமாகத் தெரியும். லட்ச ரூபாய் கேமராவாலும் வராத ஃபோட்டானை வரவழைக்க முடியாது. பெரிய சென்சாரும் பெரிய வாயுள்ள லென்ஸும் செய்வதெல்லாம் இருப்பதைக் கூடுதலாகச் சேகரிப்பதுதான்.

வெளிச்சத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இதை நான் மற்றதைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போய் இரண்டு முறை சுழிக்கு வருவதால், அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பழைய குண்டு பல்பில் இது தெரியாது. ஒரு ஏற்ற இறக்கத்துக்கான நூறில் ஒரு பங்கு நொடிக்குள் பழுக்கக் காய்ந்த இழை ஆறிவிட முடியாது. வெளிச்சம் சற்றே அசையும், அவ்வளவுதான். பழைய சோக் போட்ட டியூப் லைட் நன்றாகவே மினுக்கும். எல்.இ.டி.யோ மின்சாரம் குறைந்த கணமே அணைந்துபோகும் ஜாதி. அதற்கு உள்ளே இருக்கும் டிரைவர் தரமானதாக இருந்தால் மின்னோட்டத்தைச் சமன்படுத்தி நிலையான வெளிச்சம் தரும். மலிவான டிரைவர் அந்த வேலையைச் செய்யாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கேமராவுக்குத் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி என்பது அந்த ஏற்ற இறக்கத்தில் பத்தில் ஒரு துண்டு. தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்று விளக்கின் உச்சத்தில் மாட்டும், ஒன்று பள்ளத்தில் மாட்டும். ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது மஞ்சள் அல்லது பச்சை. செல்போனில் படத்துக்குள்ளேயே இருட்டும் வெளிச்சமும் பட்டை பட்டையாக ஓடும். சரியாக நூறில் ஒரு பங்கு நொடி வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே வந்து சமனாகிவிடும். ஆனால் அதற்குள் ஸ்ட்ரைக்கர் 5 செ.மீ. ஓடிவிடும். 2014-ல் கேனான் 7டி மார்க் 2 கேமராவில் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார்கள்: விளக்கின் துடிப்பைக் கேமராவே அளந்து, உச்சத்துக்கு வரும் கணம் வரை ஷட்டரைத் தாமதப்படுத்தும். இப்போது மற்ற நிறுவனங்களின் கேமராக்களிலும் இது வந்துவிட்டது. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு மலிவு எல்.இ.டி. மாட்டிய மன்றத்தில் கரண்ட் பில் குறைந்திருக்கும், வெளிச்சமும் கூடியிருக்கும், படம் எடுப்பது மட்டும் கஷ்டமாகியிருக்கும்.

ஒளி போதும், விளக்கும் நல்லது, ஷட்டரும் சரி. பட்டனை எப்போது அழுத்துவது? கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டரில் போகும் ஸ்ட்ரைக்கர் போர்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக 0.15 நொடி. கிளம்பியதைப் பார்த்து அழுத்தினால், அழுத்தும்போது ஸ்ட்ரைக்கர் எதிர்க் கட்டையில் மோதித் திரும்பிக்கொண்டிருக்கும். ஆகவே பார்த்து எடுப்பது என்பதே இதில் கிடையாது, முன்கூட்டி எடுப்பதுதான். கேரம் ஆடத் தெரிந்தவருக்கு அது தெரியும். குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல் லேசாக அலையும், ஸ்ட்ரைக்கரை இப்படியும் அப்படியும் நகர்த்தும். பிறகு ஒரு கணம் விரல், மணிக்கட்டு, முகம் எல்லாம் நிற்கும். அந்த நிற்றலில் அழுத்த வேண்டும். ஃபோகஸை ஸ்ட்ரைக்கரின் மேல் வைக்காமல் எந்தக் காயினை அடிக்கப் போகிறாரோ அதன் மேல் முன்னரே வைத்துவிட வேண்டும். எந்தக் காயின் என்பதை ஊகிக்க ஆட்டம் தெரிய வேண்டும்.

இப்போதைய செல்போன்கள் இதில் ஒரு சின்ன தந்திரம் செய்கின்றன. கேமராவைத் திறந்த உடனேயே படங்களை ஓயாமல் எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும். பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும். நீங்கள் தொடும்போது, தொட்ட கணத்தில் ஏற்கெனவே கையிலிருந்த படத்தை எடுத்துக் கொடுக்கும். விலை உயர்ந்த கேமராக்களில் ஒரு நொடி பின்னோக்கிப் போய்ச் சேமிக்கும் வசதியும் வந்திருக்கிறது. விரலின் தாமதத்தை இது ஈடுகட்டும்.

கால்பந்தில் இந்த ஊகம் கொஞ்சம் சுலபம். வியாசர்பாடியில் பந்து உருளாத தெரு இல்லை; சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் இங்கிருந்து போனவர்தான். கார்னர் கிக் வரும்போது ஹெட்டருக்கு எகிறும் ஆளைப் பாருங்கள். அவர் அரை மீட்டர் எழும்பினார் என்றால் தரையை விட்டுத் தரைக்கு வர 0.64 நொடி. இதில் மேல்பாதி 25 செ.மீ.க்குள் மட்டும் 0.45 நொடி இருக்கிறார். காற்றில் இருக்கும் நேரத்தில் 70 சதவீதம்! மேலே போகப் போக ஈர்ப்பு விசை வேகத்தைத் தின்றுவிடுவதால் உச்சியில் உடம்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நல்ல ஹெட்டர்காரர் அந்தரத்தில் தொங்குகிறார் என்று ரசிகர்கள் சொல்வது மிகையல்ல, நியூட்டன் கணக்கு. அந்த உச்சியில் ஐந்நூறில் ஒரு பங்கு நொடியே உடம்புக்குத் தாராளம். டென்னிஸ் சர்வீஸ், கூடைப்பந்து, உயரம் தாண்டுதல் எதுவானாலும் இந்த உச்சிதான் குறைந்த வெளிச்சத்தில் எடுப்பவனின் ஒரே நண்பன்.

பாக்ஸிங்கில் இந்தச் சலுகை கிடையாது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை கட்டிச் சண்டை போட்ட பகுதி இது, பா. ரஞ்சித்தின் படத்துக்குப் பிறகு உலகத்துக்கே தெரியும். 1985-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்து எழுதினார்கள். அடி விழும் கணத்தில் முஷ்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். பட்டபின் விசை உச்சத்துக்குப் போக 14 மில்லிநொடிகூட ஆகவில்லை. குத்து மிக வேகமாக இருக்கும் இடமும் படத்துக்கு வேண்டிய இடமும் ஒன்றே. கிளவுஸ் தாடையில் பதிந்து வியர்வை தெறிக்கும் அந்தப் படத்துக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிலும் முஷ்டி 9 மில்லிமீட்டர் நகரும். ஆனால் பட்ட மறுகணம் முஷ்டி நின்றுவிடுகிறது, தலை அசையத் தொடங்குகிறது. அதனால்தான் நல்ல பாக்ஸிங் படங்களில் கிளவுஸ் கூர்மையாகவும் முகம் சற்றே கலங்கியும் இருக்கும்.

இந்த 14 மில்லிநொடி, கால் பந்தைத் தொட்டிருக்கும் ஏறத்தாழ 10 மில்லிநொடி போன்ற குறுகிய கணங்களைப் பிடிக்க, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதாதா? கேமரா நொடிக்கு 20 படம் எடுக்கிறது என்றால் இரண்டு படத்துக்கு நடுவே 50 மில்லிநொடி. உதையில் பந்து குழிந்திருக்கும் நேரம் 10 மில்லிநொடி. ஐந்து உதைக்கு ஒன்றுதான் மாட்டும். மீதி நான்கில் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பு ஒரு படம், பந்து போன பிறகு ஒரு படம். இதே உதையைச் சாதாரண செல்போனின் ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 படம் என்று எடுத்தால் இடைவெளி 4 மில்லிநொடி சொச்சம். ஒவ்வொரு உதையிலும் குறைந்தது இரண்டு படத்தில் குழிவு இருக்கும். தெளிவு குறைவுதான், படமும் சிறியது. ஆனாலும் விலை உயர்ந்த கேமரா தவறவிடுவதைப் பிள்ளையின் கையிலிருக்கும் போன் பிடித்துவிடும். நல்ல வெயில் இருக்கும்போது முயன்று பாருங்கள்.

அந்தக் குழிவை உலகத்துக்கு முதலில் அழகாகக் காட்டியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன். 1930-களில் வெஸ் ஃபெஸ்லர் என்ற வீரர் அமெரிக்கக் கால்பந்தை உதைக்கும் படத்தில் பூட்ஸ் பந்துக்குள் பாதி புதைந்திருக்கும். எட்ஜர்ட்டன் ஷட்டரை நம்பவில்லை. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்து, மிகக் குறுகிய மின்னல் ஒன்றைப் பாய்ச்சினார். ஒளி இருந்த நேரம்தான் படத்தின் நேரம். கேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. சாதாரண ஃபிளாஷை அதன் மிகக் குறைந்த சக்தியில் வைத்தால் 20,000-ல் ஒரு பங்கு நொடிதான் எரியும். ஸ்ட்ரைக்கர் அதற்குள் கால் மில்லிமீட்டர் நகரும், படத்தில் ஒன்றரைப் புள்ளிகூட இல்லை. ஒட்டி அடுக்கிய 19 காயினை ஸ்ட்ரைக்கர் உடைக்கும் கணத்தை இப்படி எடுத்தால், அடி வாங்கிய காயின் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு நேர் பின்னால் மறுகோடியில் இருக்கும் காயின் கிளம்பியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இது பயிற்சி நேரத்தில், ஆடுபவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. போட்டியில் குறி பார்ப்பவரின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது அராஜகம்.

ஷட்டருக்கு இன்னொரு குணம் உண்டு: அது படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. செல்போன் சென்சார் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படித்துக்கொண்டு வரும். இதற்கு 20 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி ஜீவா நிலையத்தைத் தாண்டி 60 கிலோமீட்டரில் ஓடும் மின்சார ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்தால், அந்த நேரத்தில் ரயில் 33 செ.மீ. நகர்ந்திருக்கும்; நேராக நிற்கும் மின்கம்பமெல்லாம் சாய்ந்து தெரியும். இது செல்போன் வந்த பிறகு வந்த கோளாறு அல்ல. 1910-களில் ஃபிரெஞ்சுக்காரர் ழாக் ஹென்றி லார்த்திக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் ஜனங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் கால ஷட்டரின் பிளவு கண்ணாடித் தட்டின் மேல் மெதுவாக நகர்ந்ததன் விளைவு. கார்ட்டூன்காரர்கள் வேகத்தை வரைய இன்றைக்கும் அந்தச் சாய்வைத்தான் வரைகிறார்கள். கோளாறு அலங்காரமாகிவிட்டது! சென்சாரின் எல்லாப் புள்ளியையும் ஒரே கணத்தில் படிக்கும் முழுச்சட்டகக் கேமராவை 2023 நவம்பரில் சோனி அறிவித்தது. ஏ9 மூன்றாம் மாடல், நொடிக்கு 120 படம், 80,000-ல் ஒரு பங்கு ஷட்டர். விலையைப் பற்றிப் பேச வேண்டாம்.

இந்த ‘வரிவரியாகப் படிக்கும்’ குறையையே கருவியாக்கிக்கொண்டது ஃபோட்டோ ஃபினிஷ் கேமரா. அதில் ஒரே ஒரு செங்குத்துக் கோடுதான் சென்சார்; அது முடிவுக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு கோட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். வரும் படத்தில் இடமிருந்து வலம் என்பது இடம் அல்ல, நேரம். படத்தில் தெரியும் எல்லோரும் முடிவுக் கோட்டின் மேல்தான் இருக்கிறார்கள், வெவ்வேறு கணங்களில். அதனால்தான் கால் ரப்பர் போல் நீண்டும் பாதம் வளைந்தும் கிடக்கும். 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலிஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். ருமேனியாவின் கோஜோகாரு 55.41, நம் பி.டி. உஷா 55.42. அந்த நூறில் ஒரு பங்கு நொடி உஷாவின் சராசரி ஓட்ட வேகத்தில் 7 செ.மீ. வெண்கலம் போனது அந்த 7 செ.மீ.யில். அன்று நூறில் ஒரு பங்கு நொடியைப் பிரித்துச் சொன்ன கருவி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நொடிக்கு 40,000 கோடு எடுத்தது.

கடைசியாக ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் உறையவைப்பதுதான் நல்ல படம் என்று நான் நினைக்கவில்லை. 20,000-ல் ஒரு பங்கு நொடியில் உறைந்த ஸ்ட்ரைக்கர், யாரோ கையால் போர்டில் வைத்துவிட்டுப் போனது போலத்தான் இருக்கும். ஓடியதா, நின்றதா என்று படம் சொல்லாது. 250-ல் ஒரு பங்கில் எடுத்துப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் தன் விட்டத்தில் பாதி தூரம் தீற்றும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று தெரியும். ஆடுபவரின் கண்ணும் விரல் நகமும் கூர்மையாக இருக்கும். ஐ.எஸ்.ஓ.வும் 1,250-க்கு இறங்கிவிடும். கால்பந்தில் ஓடும் பையனோடு கேமராவையும் சேர்த்து நகர்த்தி அறுபதில் ஒரு பங்கில் எடுத்தால், பையனின் முகம் நிற்க, பின்னாலிருக்கும் சுவர் முழுக்கக் கோடாகிவிடும். பத்தில் எட்டு வீணாகும். மீதி இரண்டில் வேகம் இருக்கும்.

இவ்வளவுக்கும் அடிப்படையாக நம் கையில் மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது, அது கேமரா அல்ல. மாநகராட்சித் திடலுக்கு விளக்கு கேட்டு மனு எழுதும் விளையாட்டு மன்றங்கள் அதில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ஒன்று, மினுக்காத, தரமான டிரைவர் உள்ள எல்.இ.டி. வேண்டும். இரண்டு, கம்பங்களை எல்லாம் ஒரே ஃபேஸில் கொடுக்காமல் மூன்று ஃபேஸிலும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு கம்பம் மங்கும்போது மற்ற இரண்டும் ஈடுகட்டும். இரண்டாவதற்குப் பெரிய செலவு கிடையாது, வயரிங் செய்யும்போதே சொன்னால் போதும். கேரம் மன்றம் நடத்துபவர்கள் புது எல்.இ.டி. வாங்கும்போது கடையிலேயே அதை எரியவிட்டு, செல்போன் ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் துடித்தால் அந்த பல்பை வாங்காதீர்கள்.